மதாம் சிவபாதம்

கியூபெக்கில், ஜான்-டலோன் சந்தைக்கு அருகே, மாடியில் ஒரு நோட்டரி அலுவலகம். வீட்டுப் பத்திரமும் கல்யாணமும் இங்கே ஒரே மேசையில் முடிகின்றன. நண்பன் வாங்கும் வீட்டுக்காகத் துணைக்கு வந்த நான் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனி, தரைக்கு வர மனமில்லாததுபோல் மிதக்கிறது. ஹீட்டரின் மேல் யாரோ காயவைத்த கையுறைகள். அறையே பாதித் தூக்கத்தில் இருக்கிறது.

வரவேற்பு மேசைப் பெண் பிரெஞ்சு இழுவையில் அழைக்கிறாள். "மதாம் சிவபாதம்?"

யாரும் எழவில்லை. என் பக்கத்தில், குளிர்கோட்டுக்குக் கீழே பட்டுச்சேலை தெரிய ஒரு மணப்பெண். அவளருகே டையைச் சரிசெய்தபடி மாப்பிள்ளை.

"உங்களையா கூப்பிடுறாங்க?" என்று அவளிடம் கேட்கிறேன்.

"ஓம். அது அப்பான்ர பேர். இஞ்ச அதைத்தான் குடும்பப் பேரா எழுதிப்போட்டினம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் மாறிடுமே."

"இல்லை. கியூபெக்கில பொம்பிளையள் பிறந்த பேரோடதான் இருக்கவேணும். அதுதான் சட்டம்." குரல் தணிகிறது. "அப்பா சண்டையில காணாமல் போனவர். ஊரில எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறிக் கேட்டம். ஒருத்தரும் அவரின்ர பேரை வாயால சொல்லேல்லை. இஞ்ச எந்தக் கந்தோருக்குப் போனாலும் அவரைக் கூப்பிடுகினம்."

"அப்புறம் ஏன் உடனே எழுந்திரிக்கலை?"

"இன்னொருக்கால் கூப்பிடட்டும் எண்டுதான்."

"மதாம் சிவபாதம்?"

அவள் எழுந்து, சேலை மடிப்பை நீவிவிட்டு மாப்பிள்ளையோடு உள்ளே நடக்கிறாள். அந்தப் பெயர் கேட்டு யாரோ ஏறி வரக்கூடும் என்பதுபோல் நான் படிக்கட்டுப் பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.