மூன்று நாள் தனியே நிற்க வேண்டிய வண்டி

என் தங்கையின் மூத்த மகனை எங்கள் சொந்தத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கன்தான். விபத்தில் நொறுங்கிய கார்களை இழுத்துவந்து தன் கொட்டகையில் நிறுத்துவது அவன் தொழில். இருபத்தாறு வருடம் செய்தான். எந்தக் காரையும் உள்ளே விடுமுன் மண்டியிட்டு அடிப்பக்கம் மோந்து பார்ப்பான். பெட்ரோல் வாடை இருந்தால் வெளியிலேயே நிறுத்தி வடிப்பான், இல்லாவிட்டால் உள்ளே விடுவான். ஒருமுறை அப்படி மோந்துவிட்டுத்தான் ஒரு தாயையும் பிள்ளையையும் காரிலிருந்து வெளியே இழுத்துப்போட்டான். மறுநிமிடம் அது குப்பென்று பற்றியது. அன்று முதல் அவனுக்குத் தன் மூக்கின்மேல் கர்வம்.

கொட்டகையில் கூட வேலை செய்தவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. ஒரு கால் சூம்பியவன். தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்காதான்.

"அவனால ஓட முடியாது. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லித்தான் வேலைக்கு அனுப்பினாள்.

ஒரு திங்கட்கிழமை, பாலத்துச் சுவரில் மோதிய, பேட்டரியில் ஓடும் கார் ஒன்றை எடுக்க மூக்கன் போனான். அடிப்பாகம் நசுங்கியிருந்தது. ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. தீயணைப்புக்காரர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மூணு நாளைக்கு இதை வெட்டவெளியில நிறுத்துங்கண்ணே. பக்கத்துல எதுவும் கூடாது."

"தீயே பிடிக்கலையே தம்பி?"

"அதிகமா எரியறது பெட்ரோல் கார்தான். ஆனா அது அப்பவே எரிஞ்சு முடிஞ்சுடும். இது எரியறது அபூர்வம். அடிபட்ட பேட்டரி உள்ளுக்குள்ள சூடேறி, நாள் கழிச்சும் பத்தும். பத்துனா தண்ணி ஊத்தி மாளாது."

மூக்கன் தலையாட்டினான். கொட்டகைக்கு வந்ததும் மோந்தான். ஒன்றும் இல்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எங்க மாமா இறக்கறது?" என்றான் மச்சினன்.

"உள்ளயே இறக்குடா. ஒரு வாடையும் இல்ல."

"அப்ப உங்களைவிடத் தேவலை" என்று சிரித்தான் அவன். வாசலை ஒட்டி நிறுத்தினார்கள்.

புதன்கிழமை நடுப்பகல். மச்சினன் பின்கோடியில் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூக்கன் கை கழுவ வெளியே வந்திருந்தான். சீறுகிற சத்தம் கேட்டது. வெள்ளைப் புகை, அடுத்த மூச்சில் பீறிட்டு அடிக்கும் தீ. இருந்த ஒரே வாசலும் அடைபட்டது. உள்ளே பாய்ந்த மூக்கனின் கைகள் முழங்கை வரை வெந்தன. பொழுது சாயும்வரை தண்ணீர் அடித்தார்கள். மச்சினனைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு வீட்டுக்கே வந்த அதிகாரி, "முன்னாடியே யாராவது எச்சரிச்சாங்களா?" என்று கேட்டார். தீயணைப்புக்காரர் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. இல்லையென்று சொல்லியிருக்கலாம். மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னாங்க. நான்தான் அவன்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா கதவுப்பக்கமாவது இருந்திருப்பானே" என்றாள் அவள்.

நான்கு வருடமாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வெந்து மடங்கிய அவன் விரல்களுக்குச் சோறு பிசைந்து வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. சமாதானம் பேச எங்களில் ஒருவரும் போகவில்லை. போய் என்ன சொல்வது?