தண்ணீரை மலைக்கு ஏற்றிய நாள்

எங்கள் தோட்டத்தில் பங்களாவுக்குத் தண்ணீர் ஆளைத் தேடி வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆள் தண்ணீரைத் தேடிப் போக வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் போட்ட இரும்புக் குழாய் பங்களாச் சமையலறைக்கும் குளியலறைக்கும் போய், ரோஜாச் செடிகளையும் விசாரித்துவிட்டுத்தான் நிற்கும். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டம் அது. மலையும் ஊற்றும் எல்லோருக்கும் ஒன்றுதான். ரோஜாவுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

கீழ் லயத்துக்காரர்களுக்காவது பீலி இருந்தது. மூங்கிலைப் பிளந்து ஓடையில் சொருகிவிட்டால் இரவு பகலாகக் கொட்டும். எங்கள் மேட்டு லயத்துக்கும் ஊற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் கிடந்தது. பீலித் தண்ணீருக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது. ஆகவே பள்ளத்து ஓடைக்கு இறங்கிக் குடத்தோடு ஏறுகிற வேலை எங்களுடையதாயிற்று. எங்கள் வீட்டில் அந்தப் பாக்கியம் எனக்கு.

இதனால் அண்ணனுக்குப் பெண் கிடைக்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் அண்ணன் கெட்டிக்காரர். குடி இல்லை, வம்பு இல்லை. ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். "எங்க புள்ள தேயில மலையும் ஏறணும், தண்ணி மலையும் ஏறணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு முப்பது தாண்டியது. அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள். நேர்த்திக்கடனைவிட ஒரு குழாய் உபயோகமாக இருக்கும் என்று நான் சொன்னதற்கு அகப்பையால் ஒன்று கிடைத்தது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு குழாயும் வந்தது. ஊற்றடியில் சீமெந்து டேங்கி, அதிலிருந்து பிளாஸ்டிக் குழாய், எங்கள் வாசலில் ஒரு பைப்பு. மேலே இருக்கிற தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, டேங்கிக்குக் கீழான எந்த உயரத்துக்கும் தானாக ஏறிவிடும் என்றார்கள். திறந்தோம். பைப்பு இருமியது. மறுபடி இருமியது. ஒரு சொட்டு துப்பிவிட்டு ஓய்ந்தது.

பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து குழாய் வேலை தெரிந்த பைப்பு பாஸ் வந்து, வாசலுக்குச் சற்று முன்னால் குழாய் ஏறி இறங்குகிற பாறைமேட்டைத் தட்டிப் பார்த்தார்.

"ஹுளங் ஹிரவெலா, அம்மே. இந்த மேட்டுல காத்து ஒக்காந்து இருக்குது. அது எந்திரிச்சாத்தான் தண்ணி வரும்."

"வாயுக் கோளாறா, பாசுன்னே? சுக்குத் தண்ணி ஊத்தலாமா?" என்றாள் அம்மா. அவள் கேட்டது கேலியா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாஸ் மேட்டில் இருந்த குழாய் இணைப்பைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று வெளியேறி, பின்னாலேயே தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இணைப்பைக் கட்டிவிட்டு, "ஹரி, இனி சரி," என்றார். பைப்பில் தண்ணீர் வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நிவித்திகலைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததும், "எங்களுக்கென்னாங்க, வாசல்லயே பைப்பு!" என்று சொல்லி அனுப்பினாள். பெண்ணின் அத்தை தை மாதத்தில் வீடு பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் தை பிறந்தால் மழை நின்றுவிடும். ஊற்று நூலாக இளைத்தது. டேங்கியின் அடியில் தவளை நடந்து போயிற்று. அத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா லயத்துப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினாள். பேசியதாவது: ஓடைத் தண்ணீரை வீட்டுக்குத் தூக்குவதற்குப் பதிலாக டேங்கிக்குத் தூக்க வேண்டும், அது தானாக இறங்கி வந்து அத்தையின் முன்னால் பைப்பில் கொட்டும்.

"தூக்குறோம். கல்யாணத்துல மொத பந்தி எங்களுக்குத்தான்," என்றார்கள் பெண்கள். தண்ணீரைக் கீழே கொண்டுவருவதற்காக மேலே சுமந்தவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

டேங்கி பாதி நிறைந்தது. அத்தை வந்தார். எதிர்மலையிலிருந்த டேங்கி கண்ணில் படாதபடி, அம்மா அவரை முதுகு காட்டி உட்காரவைத்தாள். அத்தை எழுந்து போய்க் கால் கழுவப் பைப்பைத் திறந்தார். இரண்டு இருமல், அப்புறம் தண்ணீர் குதித்து வந்தது. அம்மா முருகனைப் பார்த்துக் கண்ணை மூடினாள்.

அத்தை காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பைப்பை மூடவில்லை.

மூடுவார் என்று நாங்கள் ஏன் நினைத்தோம்? நிவித்திகலையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் பீலி. பீலிக்கு ஏது மூடி? பிறந்ததிலிருந்து தண்ணீரை மூடிப் பழகாத மனுஷி. விருந்தாளியிடம் போய், தண்ணீரை மூடுங்கள் என்று சொல்வது சாப்பிட்டது போதும் எழுந்திருங்கள் என்பதற்குச் சமம். நான் எழுந்து மூடப் போனேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீருக்குக் கஞ்சத்தனம் பார்க்கிற வீடு என்று நினைத்துவிடுவார்களாம். நான் வாளியை வைத்தேன். நிறைந்தது. குடத்தை வைத்தேன். அதுவும் நிறைந்தது. அத்தை தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள எங்கங்க? காணோமே?"

"இப்பத்தாங்க கடைக்குப் போனான், சீனி வாங்க," என்றாள் அம்மா. சீனி டப்பா அத்தையின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பைப்பு மெலிந்தது, இருமியது, நின்றது. அத்தை திரும்பிப் பார்த்தார். பைப்பை, பிறகு குழாய் போகிற வழியை, பிறகு எதிர்மலையை. அங்கே லயத்துப் பெண்கள் வாளியும் குடமுமாக ஓடி ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், அன்றைக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையிலும் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அண்ணன்.

அத்தை எழுந்து போய்ப் பைப்பை இறுக்கி மூடினார். மூடத் தெரிந்துதான் இருந்தது.

"தண்ணி நல்லா வருதுங்க," என்றார், சிரிக்காமல். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அண்ணன் நனைந்து வந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் கேலி செய்ய ஏதாவது தேடினேன், ஒன்றும் வரவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது. இனி இந்த மனிதருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அடுத்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. கல்யாணப் பந்தியில் லயத்துப் பெண்கள் முதலில் உட்கார்ந்து, தண்ணீர் தூக்கிய கணக்குக்கு மேலேயே சாப்பிட்டார்கள்.

அத்தை ஊருக்குப் போய் என்ன சொன்னார் என்பதை அண்ணிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

"அந்த லயத்துல தண்ணி இல்ல புள்ள, பொய் சொல்றாங்க. ஆனா ஒரு பையனுக்காக ஒரு லயமே மலையேறுது, அவனும் சட்ட நனையத் தூக்குறான். தண்ணி இருக்கிற எடத்துல மனுஷன் இருப்பான்னு சொல்ல முடியாது. நீ அங்கயே போ."

மூன்று வருடம் கழித்து, அதே தை மாதத்தில், என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பைப்பு வழக்கம்போல வறண்டிருந்தது. எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள், பின்னாலேயே நானும். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, லயத்துப் பெண்களுக்கு முன்னால் வாளியோடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார் அண்ணி.

"நீ வராத," என்று திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார். "இன்னைக்கு ஒன் கொடத்தையும் நானே தூக்குறேன்."