வடக்குப்பட்டுப் பக்கம் மூன்றாம் முறை கேட்ட கேள்வி

1991 ஆடி மாதம், ஒரு ஞாயிறு. என் வீட்டுக்காரர் அப்போது உபதேசியார். வடக்குப்பட்டுப் பக்கத்துச் சின்னக் கோவிலுக்கு அவரைப் போதகராக நியமிப்பதா என்று சபை அலுவலகத்தில் இழுபறி. போதகர் நியமன விதிகள் மிஷனரிகள் காலத்துப் பழைய ஜெர்மன் மொழியில் இருந்தன. 'சபை கூடியிருக்க, மறுப்புண்டா என்று மூன்று முறை கேள். மறுப்பில்லையென்றால் நியமி' என்பது விதி. 'சபை' என்ற இடத்தில் இருந்த ஜெர்மன் சொல்லுக்கு, அலுவலகத்துக்காக விதிகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் வாத்தியார் இங்கிலீஷில் 'குவோரம்' என்று பென்சிலால் எழுதியிருந்தார். குவோரம் என்றால் இருபது பேராவது வேண்டுமாம். அந்தக் கோவிலில் இருந்ததே ஒன்பது பேர். அந்தச் சொல் நின்றால் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று வாத்தியாரும் எங்களோடு கிளம்பினார்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஒரகடத்துக்குப் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய். பிறகு நடை. இன்று கம்பெனி பஸ் பறக்கும் அந்தச் சாலையில் அன்று கருவேலமும் வெயிலும்தான். வழியெல்லாம் இவர் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். "செருப்புக்கும் சேத்து வேண்டிக்கோங்க, அறுந்துரப் போவுது" என்றேன். முறைத்தார்.

கோவில் சாவி அந்தச் சபையைச் சேர்ந்த ராசாத்தி அக்காவிடம் இருந்தது. அவளோடு சேர்த்து ஒன்பது பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "இவ்ளோ பேர்தானா?" என்று வாத்தியார் கேட்டார்.

"இன்னா அவசரம் வாத்தியாரே? மத்தவங்க வெளிய கீறாங்க" என்று அக்கா பின்கதவைத் திறந்து வைத்தாள். வெளியே கல்லறைகள். ஆள் யாருமில்லை.

நடுப்பகல். "இவரைப் போதகரா வைக்க யாருக்காவது மறுப்புண்டா?" என்று வாத்தியார் முதல் முறை கேட்டார், பிறகு இரண்டாவது முறை. மூன்றாவது முறை கேட்டதும் பின்கதவு மெல்ல, மெல்ல மூடிக்கொண்டது. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"வேணான்னுட்டாங்க போல, மூட்டையக் கட்டலாமா?" என்று இவர் காதில் சொன்னேன். இவர் வெளுத்துப்போனார்.

ராசாத்தி அக்கா என் தோளைத் தொட்டாள். "வேணான்னா கதவு தொறந்தே கெடக்கும்மா. இப்ப உள்ள வந்துட்டாங்க. கொஞ்சம் தள்ளி குந்து."

கடைசி பெஞ்சில் இருந்த நான் தள்ளி உட்கார்ந்தேன். நான் விட்ட இடத்தில் பெஞ்சுப் பலகை ஒருமுறை முனகி அடங்கியது. அதன்பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை.

வாத்தியார் 'குவோரம்' என்பதை அழித்துவிட்டு 'காங்கிரிகேஷன்' என்று எழுதினார்; கூடி வந்தவர்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், எண்ணிக்கை கிடையாது.

"எத்தினி பேருன்னு போடலயா சார்?" என்றேன்.

"எண்ண எனக்குத் தைரியம் இல்லம்மா."

மறுமாதமே இவர் அங்கே போதகர்.

போகிறவர்களுக்கு: இப்போது ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். கோவிலில் கடைசி பெஞ்சு காலியாகத்தான் தெரியும். நீங்கள் முன்னாலேயே உட்காருங்கள்.