பூன் லேக்கு நடந்தே போனோம்

என் உம்மாவின் பிடிவாதத்தைப் பற்றி உறவினர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கென்னவோ அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கலாம் என்று படுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா இறந்தபின் உம்மா இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் புக்கிட் பாஞ்சாங் வீட்டை விட்டு இறங்கவில்லை. கணவனை இழந்தவர்கள் அப்படி வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்க வழக்கம். அது முடிந்த காலையில் உடன்பிறந்தவர் வந்து தன் வீட்டு விருந்துக்கு அழைத்துப்போவது எங்கள் குடும்ப வழக்கம். உம்மாவின் அண்ணனான என் மாமா, பூன் லேயிலிருந்து பத்து மணிக்குக் காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். விருந்தோடு விடுவதாக அவருக்கு எண்ணமில்லை. நாங்கள் வீட்டை விற்றுவிட்டு அவரோடு வந்துவிட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்து, வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார். கல்யாணமாகி ஊரிலிருந்து கடல் கடந்து இங்கே வந்த நாள்முதல் உம்மா எங்கு போனாலும் வாப்பாவின் சிராங்கூன் கடை வேன்தான்; தனியாக ஒரு பஸ்கூட ஏறியதில்லை. அப்படிப்பட்டவள் தனியாகக் குடும்பம் நடத்துவதாவது என்பது மாமாவின் கட்சி.

உம்மா மறுத்து எதுவும் பேசவில்லை. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் பூன் லேக்கு நடந்துபோக வழி மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். அந்த ஆன்ட்டிக்கு வருடா வருடம் பனி நாட்டுக் காடுகளில் நாள்கணக்கில் சறுக்கிக்கொண்டே போகிற பைத்தியம். இங்கே பனிக்கு எங்கே போவது? சக்கரம் வைத்த கட்டைகளைக் காலில் மாட்டி, இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு, ரயில் நின்றுபோன பழைய தடத்தில் பழகுவார். அந்தத் தடத்தை அப்போதுதான் நெடுந்தூர நடைபாதையாக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தா நாட்களில் சமையலறை ஜன்னலிலிருந்து உம்மா பார்த்ததெல்லாம் அதைத்தான்.

மாமா வரவிருந்த அன்று காலை ஏழு மணிக்கே கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ஆன்ட்டி கொஞ்ச தூரம் எங்களோடு சறுக்கிக்கொண்டு வந்தார். பாதை சேறான இடத்தில் கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கோல்களை உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு பாதி பாதை, பாதி வேலி. ஒரு வேலிக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்த நம்மூர்த் தம்பி ஒருவர், மேட்டில் ஏறிச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டினார். உம்மாவின் கைபேசி விடாமல் அலறியது. ஒரே ஒருமுறை எடுத்து, "வந்துக்கிட்டுதான் இருக்கேன் காக்கா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பைக்குள் போட்டாள். புக்கிட் பாத்தோக் காட்டு மேட்டில் என் குதிகால் தோல் உரிந்தது. பஸ்ஸில் போகலாம் என்று அழுதேன். அவள் என் காலில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு மேலே நடந்தாள்.

பிற்பகலில் மாமா வீட்டு வாசலில் போய் நின்றோம். உம்மாவின் அங்கி முழங்கால்வரை சேறு. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருந்த மாமாவுக்கு முகமெல்லாம் கடுகடுப்பு. எனக்கோ அவரைவிடக் கோபம். பழிவாங்க இதுதான் சமயம் என்று போட்டுக்கொடுத்தேன்.

"உம்மாவுக்கு பஸ் ஏறத் தெரியலை மாமா. அதான் என்னை நடக்க வச்சே கூட்டியாந்தாங்க."

மாமாவுக்குப் பாயசம் குடித்த மாதிரி ஆகிவிட்டது. பச்சைப் பிள்ளையே சொல்கிறது பார் என்று வீட்டிலிருந்தவர்களையெல்லாம் சாட்சிக்கு அழைத்தார். உம்மா என்னை முறைக்கக்கூட இல்லை.

"ஆமா காக்கா, தெரியாது. தெரியாமத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். பஸ்ஸையும் கத்துக்குவேன். வீட்டை விக்க மாட்டேன்."

மாமா கத்தினார், கெஞ்சினார், செத்துப்போனவரின் பெயரைக்கூட இழுத்தார். உம்மா உட்கார்ந்து, பிரியாணியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கடைசியில் அவர் கார் சாவியை எடுத்தபோது வேண்டாம் என்றாள். அந்தக் கணத்தில் அவளைப்போல் கொடுமைக்காரி உலகத்திலேயே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பஸ் நிறுத்தத்தில் எண் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். எந்த எண் என்று எனக்குத் தெரியும், வீம்புக்குச் சொல்லவில்லை. இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவது தூரத்தில் தெரிந்ததும் என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. மாமாவின் காருக்கு நான் திரும்பி ஓடிவிடக் கூடாதென்றுதான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, பஸ்ஸில் ஏறும்வரை அந்தக் கையை உதறிக்கொண்டே இருந்தேன்.