ஒன்பது பூச்சுக்குப் பிறகும்

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் மே மாத நினைவு நாளுக்காக எடுத்த மண்டபத்தில், இறந்தவர்களின் படங்களுக்குப் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. அதில் தன் ஓவியத்தை மாட்ட இடம் கேட்டவர் எனக்குப் பல வருடங்களாகத் தெரிந்த பெண். வீடுகளுக்கு வர்ணம் பூசுவது அவருடைய தொழில். அதற்கான ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, இங்கேதான் செய்தார். ஈழப் போரின் கடைசி மாதத்தில் அவருடைய தங்கை காணாமல் போனார். தங்கையின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மற்றக் குடும்பங்களைப் போல வரிசையில் வைக்க அவரிடம் எதுவும் இல்லை.

ஓவியம் இரண்டு மீற்றர் அகலம். முழுக்க வெள்ளை, நடுவிலிருந்து கீழே மங்கிய பழுப்பு.

ஏற்பாட்டாளர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இதிலை ஒரு சனத்தையும் காணேல்லை."

"அதைத்தான் தம்பி கீறியிருக்கிறன்."

"கூரை ஒழுகின சுவர் மாதிரிக் கிடக்கு."

"அப்ப நான் வேலையை ஒழுங்காப் பழகியிருக்கிறன்."

ஏற்பாட்டாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். கீழை ஒரு விளக்கம் எழுதி ஒட்டுங்கோ. மத்தியானம் வரைக்கும் பாப்பம். சனம் முறைப்பட்டால் கழட்டிப்போடுவன்."

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்தபோது நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கீழே வரி எழுதியிருக்கிறேன். யார், எங்கே, எத்தனை பேர். இங்கே அவை எதுவும் பொருந்தவில்லை. 'போரின் வலி' என்று எழுதிக் காட்டினேன்.

"மருந்துப் பெட்டியிலை ஒட்டுறதோ அண்ணை?" என்றார் ஓவியர்.

எப்படிச் செய்தார் என்று கேட்டேன். துணியில் பிளேன்ரீ என்கிற பால் விடாத கடுந்தேநீரை ஊற்றிக் காயவிட்டு, மேலே சுவருக்குப் பூசும் வெள்ளையைப் பூசியிருக்கிறார். காயக் காயக் கறை மேலே வந்தது. திரும்பவும் பூசினார். ஒன்பது தரமும் வந்தது. கறையை மறிக்கும் அடிப்பூச்சு அவருடைய வேலை வாகனத்தில் எப்போதும் இருக்கும். இதற்கு மட்டும் போடவில்லை.

தங்கையின் கடைசி நாளை அவர் பார்க்கவில்லை. உருவம் வரைந்திருந்தால் ஊகித்துத்தான் வரைந்திருக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததை, மூட மூட மேலே வருவதை, மட்டும் வைத்திருந்தார். செய்தி எழுதிய எனக்கு அது சரியாகப் பட்டது. நானும் அப்படியே எழுதினேன்: 'துணி, பிளேன்ரீ, ஒன்பது பூச்சு வெள்ளை. கறை மறிக்கும் அடிப்பூச்சு போடப்படவில்லை.' நான் எழுதிய பட விளக்கங்களில் இதைவிடச் சரியானது இல்லை.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் கடந்து போனார்கள். சுவர் ஈரமா என்று ஒருவர் விசாரித்தார். பதினொரு மணியளவில், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் கையில் பூவோடு நின்று விளக்கத்தை வாசித்தார்.

"மறிக்கிற சாமான் இருந்தும் போடேல்லையோ?"

"போடேல்லை," என்றார் ஓவியர்.

"அது நல்லது."

படங்களுக்கென்று கொண்டுவந்த பூவை வைக்க ஓவியத்தின் கீழே மேசை எதுவும் இல்லை. குனிந்து நிலத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள்.

மத்தியானம் ஏற்பாட்டாளர் ஏணியோடு வந்தார். நிலத்தைப் பார்த்தார். ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் ஒரு மேசையை இழுத்துவந்தார்.

"பூவெல்லாம் மிதிபடப் போகுது. அந்தப் பக்கம் பிடியுங்கோ அக்கா."

ஓவியர் மறுபக்கத்தைப் பிடித்தார்.