மூன்றாவது மடிப்பு

நிஹோலாவின் வலது தொடையில் இரண்டு மடிப்பு. இடது தொடையில் மூன்று.

பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்றில், அடுப்புப் பக்கத்தில் வைத்துக் குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹுல்கர் அதைப் பார்த்தாள். கொழுத்த பிள்ளைக்கு மடிப்பு எங்கே விழுந்தால் என்ன என்று அவள் மாமியார் சொல்லியிருப்பாள். ஹுல்கரால் அப்படிச் சொல்ல முடியாது. மாவட்ட மருத்துவமனையில் எட்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் அவள். அந்த மூன்றாவது மடிப்பு எதன் அறிகுறியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்துச் செய்ய வேண்டியதும் தெரியும். குழந்தையின் முழங்கால்களை மடக்கி, தவளை உட்காருவதுபோல இரண்டு தொடைகளையும் பக்கவாட்டில் மெல்ல விரிக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு விரிந்தால் பெரும்பாலும் பயமில்லை.

அவள் விரித்துப் பார்க்கவில்லை. துண்டை இழுத்து மூடிவிட்டாள்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. குளிப்பாட்டும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் கட்டட வேலை செய்யும் கணவன் தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்கா, நல்லா தூங்குறா" என்றாள். சொல்லி முடித்ததும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஹுல்கர் இடது பக்கம் சாய்ந்து நடப்பவள். உஸ்பெகிஸ்தானில், கோகந்துக்கு வெளியே பருத்தி வயல்களுக்கு நடுவில் இருந்த கிராமத்தில், அவள் வாய்க்காலோரம் நடந்து வந்தால் பையன்கள் பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து "க்வாக், க்வாக்" என்று வருவார்கள். மூன்று வயதில் கழுதைமேலிருந்து விழுந்ததில் கால் போய்விட்டது என்பது வீட்டுக் கதை. அம்மா ஹொஸியத் அந்தக் கழுதையை அடுத்த வாரமே விற்றுவிட்டாளாம். அப்பா தண்ணீர் மடை திறக்கும் வேலையில் இருந்தார். அந்த வீட்டிலிருந்து மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதித்த முதல் ஆள் ஹுல்கர். டாக்டர் படிப்பு இல்லை, எக்ஸ்ரே படிப்புதான். ஆனாலும் கிராமத்துக்கு அது பெரிய சேதி.

இரண்டாம் வருடத்தில் ஆசிரியை ஒருநாள் கேட்டார்: "இடுப்புப் படம் எப்படி எடுக்கறதுன்னு காட்டணும். யாராவது மேசையில படுங்க." யாரும் எழுந்திருக்கவில்லை. ஹுல்கர் போய்ப் படுத்தாள்.

ஈரம் சொட்டும் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் ஆசிரியை அதன் பக்கத்தில் குனிந்து பார்த்தார். வலது பக்கத்தில் தொடையெலும்பின் பந்தும் இடுப்பெலும்பின் கிண்ணமும் ஒன்றுக்குள் ஒன்று அழகாகப் பொருந்தியிருந்தன. இடது பக்கத்தில் கிண்ணமே இல்லை. தேநீர்க் கிண்ணத்துக்குப் பதிலாகத் தட்டை வைத்ததுபோல ஒரு சரிவு. அதிலிருந்து நழுவிய பந்து மேலே ஏறி, இடுப்பெலும்பின் பக்கவாட்டில் தனக்கென்று ஒரு பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பிறந்த குழந்தையோட இடுப்புல எலும்பைவிடக் குருத்தெலும்புதான் அதிகம்," என்றார் ஆசிரியை, மற்ற மாணவிகளிடம். "கிண்ணம் தானா ஆழமாகாது. பந்து உள்ள உட்கார்ந்து அசைஞ்சு அழுத்த அழுத்தத்தான் குழியும். தன்மேல எந்தப் பக்கம் பாரம் விழுதோ அந்தப் பக்கம்தான் எலும்பு வளரும். பந்து விலகிட்டா கிண்ணம் தட்டையாப் போயிடும். சிலருக்குப் பிறக்கும்போதே மூட்டு தளர்வா இருக்கும். கால் ரெண்டையும் நீட்டி, சேர்த்துத் தொட்டில்ல கட்டினா, தளர்ந்த பந்து வெளிய நழுவிடும்."

கழுதைமேலிருந்து விழுந்ததால் அவள் நொண்டவில்லை. கால் ஏற்கெனவே சரியில்லாததால்தான் கழுதைமேல் பிடித்து உட்கார முடியாமல் விழுந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது சொல்லிவிடத்தான் நினைத்தாள். அம்மா தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம்பொண்ணுக்குக் கழுதை காலைத்தான் எடுத்துச்சு, மூளைய எடுக்கல" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஹுல்கர் சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். அம்மாவின் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதானா என்ற சந்தேகம் பிற்பாடு வந்தது. படித்ததைப் பரீட்சைத் தாளில் எழுதத் தெரிந்தது. சொந்த வீட்டுக்குள் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இதற்குப் பெயர் பாசமா, பயமா?

பதில் தெரியாமலே வருடங்கள் போயின. கல்யாணமாயிற்று. அக்டோபரில் நிஹோலா பிறந்தாள். முதல் பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவருவது பெண் வீட்டார் கடமை. நாற்பது நாள் கழிந்ததும் ஹொஸியத் வந்து இறங்கினாள். காரின் கூரைமேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட மரத்தொட்டில், பின்னால் நான்கு தட்டு இனிப்பு, பன்னிரண்டு பெண்கள்.

தொட்டிலில் பிள்ளையைக் கட்டுவதில் ஒரு விளையாட்டு உண்டு. ஹொஸியத் முதலில் தலைமாட்டில் காலும் கால்மாட்டில் தலையுமாகக் குழந்தையை வைத்தாள்.

"இப்படியா?"

"தப்பு! தப்பு!" என்று பெண்கள் கத்தினார்கள்.

குறுக்காக வைத்தாள். "இப்படியா?"

"தப்பு! பேத்திய என்ன விறகுன்னு நெனச்சியா!"

மூன்றாவது முறை நேராக வைத்தாள். கைகளை உடம்போடு சேர்த்து மேலே ஒரு பட்டை, கால்களை நீட்டி முழங்காலைச் சேர்த்துக் கீழே ஒரு பட்டை, இறுக்கி முடிச்சு. "இப்படியா?"

"சரி! சரி!" மிட்டாயும் உலர்திராட்சையும் பறந்தன. எல்லார் வாயும் சொன்னது. ஹுல்கரின் வாயும் சொன்னது.

குழந்தையைச் சோதிக்க வந்த நர்ஸிடம், "எங்க டாக்டர்கிட்டயே காட்டிக்கிறேன்" என்றாள். எக்ஸ்ரேக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, நர்ஸ் அட்டையில் 'இடுப்பு இயல்பு' என்று எழுதிவிட்டுப் போனாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்க வேறு ஆள் இல்லாததால் இரண்டாம் மாதமே ஹுல்கர் வேலைக்குத் திரும்பினாள். மாமியார் பிள்ளையைத் தொட்டிலில் கட்டி, கால் கட்டைவிரலால் ஆட்டிக்கொண்டே குல்லாய்க்கு எம்பிராய்டரி போட்டாள். "உம்பொண்ணு தங்கம், கெலின்," என்பாள். கெலின் என்றால் மருமகள். "காலையில கட்டினா மத்தியானம் வரைக்கும் மூச்சுக் காட்டமாட்டா."

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயது மகளைக் கூட்டிவந்தாள். எலும்பு டாக்டர் தோல்கின் குழந்தையை நடைபாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார். அது சாய்ந்து சாய்ந்து, ஒரு பொம்மைக்குப் பின்னால் ஓடியது.

"நடை பழகுற பிள்ள இப்படித்தானே நடக்கும், டாக்டர்?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா."

"எங்க ஊர்ல வாத்துக்குட்டின்னு கூப்பிடுவாங்க. செல்லமாத்தான்."

தோல்கின் தலையைத் தடவிக்கொண்டார். "தாஷ்கண்டுக்கு எழுதித் தர்றேன். ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா, காலை விரிச்சு வெக்கிற வார் போட்டே சரி பண்ணிருப்பேன். இப்ப எலும்ப வெட்டி, கிண்ணத்துக்குக் கூரை வெச்சு, மாவுக்கட்டு போடணும்."

படம் கொண்டுவந்த ஹுல்கரின் நடையை அந்தப் பெண் அப்போதுதான் கவனித்தாள். மகளைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

ஹுல்கர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிஹோலாவுக்கு ஐந்து மாதம். கிண்ணம் இன்னும் குருத்துதான், இன்னும் வளையும். ஆனால் இந்த மூன்று வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்? அவள் தொலைபேசியை எடுத்தாள். பேத்தியைப் பார்க்க அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அம்மா, பிள்ளையத் தூக்கிட்டு உடனே இங்க வா."

"என்னடி ஆச்சு? இப்பத்தான் கட்டித் தூங்கவெச்சேன்."

"அவுத்துத் தூக்கிட்டு வா."

தோல்கின் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நிஹோலாவின் முழங்கால்களை மடக்கினார். வலது தொடை மேசையைத் தொடும் அளவு விரிந்தது. இடது தொடை பாதியில் நின்றது. அவர் வற்புறுத்தவில்லை. "படம் எடு," என்றார்.

குழந்தை அசையாமலிருக்க யாராவது பிடிக்க வேண்டும். ஹொஸியத்துக்கு ஈய அங்கியை மாட்டி, இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தாள் ஹுல்கர்.

"அட, தொட்டில்ல படுத்த மாதிரியே இருக்காளே!" என்றாள் ஹொஸியத், அங்கியின் பாரத்தில் திணறிக்கொண்டு. "இந்தக் கோட்ட மாட்டிக்கிட்டா ஒட்டகம் மாதிரி இருக்கேன். சீக்கிரம் எடுடி."

தடுப்புக்குப் பின்னால் நின்று ஹுல்கர் பொத்தானை அழுத்தினாள்.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் படம் மெல்ல மெல்ல எழும்பியது. வலது பக்கத்தில் தொடையெலும்பின் உச்சிக்குமேல் பயறளவு வெள்ளை வட்டம். பந்துக்குள் எலும்பு உருவாகத் தொடங்கியதன் அடையாளம். இடது பக்கத்தில் அந்த இடம் காலி. குருத்து எக்ஸ்ரேயில் விழாது. பந்து இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தொடையெலும்பு போகும் திசையை வைத்து அது எங்கே இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஹுல்கர் ஊகித்தாள். பல தடவை பார்த்துப் பழகிய கண். எலும்பு மேலேயும் வெளியேயும் போயிருந்தது. கிண்ணத்தின் கூரை சரிந்திருந்தது.

தன் படத்தைத்தான் மறுபடி பார்க்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

தோல்கின் ஸ்கேலை வைத்து ஃபிலிம்மேல் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கோடு இழுத்தார். குறுக்குக் கோட்டுக்குக் கீழே, நெடுங்கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய பந்து விலகியிருந்தது. "வார் மாட்டணும். குதிரைமேல உட்கார்ந்த மாதிரி கால் மடங்கி விரிஞ்சே இருக்கணும், ராத்திரி பகல் எந்நேரமும். பந்து உள்ள இறங்கினா கிண்ணம் குழியும். தொட்டில் கூடவே கூடாது." பிறகு ஹொஸியத்திடம் திரும்பினார். "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"இல்ல டாக்டர். இவளுக்குக் கால் போனது கழுதைலேர்ந்து விழுந்து—"

"கழுதை இல்லம்மா," என்றாள் ஹுல்கர்.

தன் குரல் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. கல்லூரி, மேசை, படம், தட்டு, கட்டிய பட்டை எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் நிஹோலா அழுதாள். அம்மாவும் மகளும் தூக்கவில்லை. தோல்கின்தான் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஹொஸியத் அழுவாள் என்று ஹுல்கர் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"பத்து வருஷத்துக்கு மேலா தெரியும் உனக்கு."

"ஆமா."

"நான் கேட்டேனேடி. இத்தனை பேர் முன்னாடி, இப்படியா, இப்படியான்னு மூணு தடவ கேட்டேன். எனக்குப் படிப்பில்ல, நான் கட்டினேன். நீ ஏன்டி சரின்னு சொன்ன?"

அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசாமலிருந்தேன் என்று அத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் அந்த இடத்தில் எடுத்துச் சொல்லும்படி இல்லை.

வார் மாட்டிய முதல் மூன்று நாள் நிஹோலா இடைவிடாமல் அழுதாள். "குதிரை இல்லாமலே சேணமா, கெலின்? அவுத்துவிடு, பிள்ள செத்துடும்," என்று மாமியார் கெஞ்சினாள். அவிழ்க்கவும் பயம், இறுக்கவும் பயம். தோல்கின் எச்சரித்திருந்தார்: "சீக்கிரம் சரியாகட்டும்னு இழுத்து விரிச்சுடாதே. பந்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் நூல் மாதிரி. நசுங்கினா பந்தே செத்துடும்." ஹுல்கர் நாளுக்குப் பத்து தடவை வாருக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். குழந்தை இடது காலை உதைத்தால் அவளுக்குப் போன உயிர் வந்தது. உதைக்காமல் தூங்கினால், பாதத்தைக் கிள்ளி எழுப்பினாள்.

ஹொஸியத் வாராவாரம் வந்தாள். மகளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒருநாள் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஹொஸியத்துடைய மகனின் மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறதாம், சும்மா கிடக்கும் தொட்டிலைக் கேட்டார்கள். "தொட்டில் வேணும்னா தர்றேன்," என்றாள் ஹொஸியத். "கீழ்ப்பட்டை கிடையாது. அத அடுப்புல போட்டுட்டேன். காலக் கட்டுறதா இருந்தா என்னைக் கட்டு முதல்ல."

ஆறு வாரம் கழித்து இரண்டாவது படம். ஹொஸியத் ஈய அங்கியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். தடுப்புக்குப் பின்னால் ஹுல்கரின் விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. அழுத்தாதவரை பந்து உள்ளேயும் இருக்கலாம்.

"அழுத்துடி," என்றாள் அம்மா. "நான் பிடிச்சிருக்கேன்."

இருட்டறையில் ஃபிலிமைத் திரவத்திலிருந்து தூக்கினாள். இடது பக்கத்தில், குறுக்குக் கோடு விழ வேண்டிய இடத்துக்குக் கீழே, கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. தூசியாக இருக்கும் என்று மறுபடி கழுவினாள். நுனிவிரலால் துடைத்தாள். போகவில்லை. மூன்றாவது தடவையும் கழுவிவிட்டுத்தான் வெளியே எடுத்துப் போனாள்.

தோல்கின் வெகுநேரம் பார்த்தார். "பந்து உள்ளதான் இருக்கு. கூரை இன்னும் சரிவு. வலது பக்கத்தளவு எலும்பு வரல."

"நடப்பாளா, டாக்டர்? நேரா?" என்றாள் ஹுல்கர்.

"உள்ள இருக்குன்னு மட்டும்தான் இன்னிக்குச் சொல்வேன். இன்னும் ஆறு வாரம் வார் இருக்கட்டும்."

ஹொஸியத் விளக்குப் பெட்டியின் அருகே போனாள். "எங்கடி அந்தப் பந்து?"

ஹுல்கர் காட்டினாள். கண்ணாடி இல்லாமல் ஹொஸியத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஹுல்கர் விரல் வைத்த இடத்தில் தானும் விரலை வைத்து, எடுக்காமல் நின்றாள்.