தாங்கிக்குள் இறங்கிய எங்கள் அண்ணை

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அம்மாவால் எழுத முடியாது. அண்ணியாலும் முடியாது. ஆகவே தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணை சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். போரில் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எங்களைப் பெற்ற ஐயா காய்ச்சலில் இறந்துவிட, படிப்பை விட்டு வெல்டிங் கடையொன்றில் சேர்ந்தார். பின்பு கட்டார் போய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை ஆர்கன் வாயு விட்டு ஒட்டும் வேலையில் தேர்ந்தார். அம்மாவுக்கு நடக்க இயலாமற் போனதும் ஊர் திரும்பி, கரவெட்டியில் அண்ணியைக் கைப்பிடித்தார். அண்ணியின் தம்பியும் அவரும் சேர்ந்து பட்டறை போட்டார்கள். வேலையால் வந்ததும் கை கழுவி, அம்மாவின் காலுக்கு எண்ணெய் பூசுவார். அதை வேறு யாரையும் செய்ய விடமாட்டார்.

ஒருநாள் பட்டறையில் கேட்டேன்.

"ஏன் அண்ணை, சில குழாய்க்குக் கம்பி வைச்சு ஒட்டுறியள், சிலதுக்கு வைக்கிறியள் இல்லை?"

"மெல்லிசெண்டால் கம்பி வேண்டாம் தங்கச்சி. ரெண்டு விளிம்பும் நல்லா முட்டினால் தானா உருகி ஒட்டும். மொத்தமெண்டால் விளிம்பைச் சீவிப்போட்டுக் கம்பி உருக்கி நிரப்பவேணும். இல்லாட்டி வெடிச்சுப்போகும்."

எப்படி ஒட்டினாலும் உள்பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார். உள்ளே காற்றுப் பட்டால் ஒட்டு கறுத்துவிடும். பால் ஓடும் குழாயென்றால் அந்தக் கறுப்பில் பால் தங்கிப் பழுதாகும். அதனால்தான் ஒட்டும்போது குழாய்க்குள்ளும் ஆர்கன் விடுவார்கள்.

கோப்பாய்ப் பக்கத்தில் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பால் சேர்த்து வைக்கும் பெரிய தாங்கி ஒன்றின் அடியில் மொத்தமான குழாயொன்றைக் கம்பி வைத்து ஒட்டினார் அண்ணை. குழாய்க்குள் விட்ட வாயு தாங்கிக்குள் போகாதிருக்க வைத்த அடைப்பு எப்போதோ கழன்றிருக்கிறது. ஆர்கனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றைவிடப் பாரமானதால், மூச்சுக்கு வேண்டிய காற்றை மேலே தள்ளிவிடும். தாங்கியின் அடியிலிருந்து அது நிரம்பியதை எவரும் அறியவில்லை.

"உள்பக்கம் ஒருக்கா பாத்திட்டு வாறன்" என்று சொல்லி, தாங்கியின் மேல்வாயால் இறங்கினார்.

அண்ணியின் தம்பி வெளியில் சாமான்களை அடுக்கிக்கொண்டு நின்றார். அண்ணை ஒட்டைப் பார்க்கத் தொடங்கினால் கதைக்கமாட்டார். சத்தம் இல்லாததை அவர் வித்தியாசமாக நினைக்கவில்லை. பிறகு "அத்தான்!" என்று கூப்பிட்டார். எட்டிப் பார்த்தால், அண்ணை அடியில் சுருண்டு கிடக்கிறார். குதிக்கப் போனவரைப் பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த மேசன்மார் இருவர் இடுப்பில் கட்டிப்பிடித்தார்கள்.

"விடுங்கோ! என்ரை அத்தான் உள்ளுக்கை கிடக்கிறார்!"

"நீயும் போய்க் கிடக்கப்போறியே?"

காற்றடிக்கும் குழாயை உள்ளே விட்டு, பின்பு இறங்கித் தூக்கினார்கள். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

செத்த வீட்டில் அண்ணியின் தம்பி அம்மாவின் காலடியில் விழுந்தார். "மாமி, நான் பக்கத்திலைதான் நிண்டனான். பக்கத்திலை நிண்டும்..." என்று அழுதார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அவரோடு கதைக்கவில்லை. அவர்மேல் பிழை இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அண்ணி இருவருக்கும் நடுவில் கிடந்து துடிக்கிறார். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. விதி என்று சொல்லி எங்களைத் தேற்ற வந்தீர்கள். உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் மனம் தேறவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள், பாடையைச் சுமந்த தோள்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. தாங்கிக்குள் இறங்கும் வேலை உங்கள் வீட்டில் எவருக்காவது இருந்தால், முதலில் உள்ளே காற்று அடிக்கச் சொல்லுங்கள்.

அந்த மேசன்மார் இருவரும் இதை வாசிப்பீர்களோ தெரியாது. ஓர் உயிரையாவது எங்களுக்கு மீட்டுத் தந்தீர்கள். "என்னை ஏன் பிடிச்சவங்கள்?" என்றுதான் அண்ணியின் தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டார். அவருக்காகவும் நாங்களே சொல்கிறோம்.